கள்ளனைத் திருத்திவிடாதே

வெள்ளவத்தை, கொழும்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 1942இல் வெலிக்கடை மறியலில் கிடக்கும் ஒரு கள்ளனை வெள்ளைக்காரன் உளவு வேலைக்கு எடுக்கிறான். நல்ல கரு. சனம் நம்புமா என்று கேட்டிருந்தாய். எடி சாப்மன் என்ற இங்கிலாந்துக் கள்ளனின் கதை தெரிந்தவன் நம்புவான். அவனும் இரும்புப் பெட்டி உடைக்கிறவன்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சித் தீவில் மறியலில் அவன் இருந்தபோது, 1940இல், ஜெர்மன்காரன் தீவைப் பிடித்தான். ‘உங்களுக்கு உளவு பார்க்கிறேன்’ என்று இவனாகவே போய் நின்றான். அவர்களும் பயிற்சி கொடுத்து, 1942 டிசம்பரில் இங்கிலாந்தில் பாரசூட்டில் இறக்கிவிட்டார்கள். மொஸ்கிட்டோ விமானம் செய்யும் ஹட்ஃபீல்ட் தொழிற்சாலையைத் தகர்க்க வேண்டும். இறங்கினவன் பொலிசில் சரணடைந்து, பிரிட்டிஷ் உளவுப்பிரிவான எம்.ஐ.5இன் ஆளாகிவிட்டான். தொழிற்சாலை வெடித்ததுபோல் ஒரு நாடகம் போட்டார்கள். ஜெர்மன்காரன் அதை நம்பி, பிறகு இரும்புச் சிலுவைப் பதக்கமும் கொடுத்தான்!

எனக்குப் பிடித்தது, ஜெர்மன்காரனிடம் திரும்பிப் போகும் வழியில் நடந்த லிஸ்பன் விஷயம். அவன் வந்த பிரிட்டிஷ் கப்பலிலேயே வைக்கச் சொல்லி, நிலக்கரிக் கட்டி மாதிரிச் செய்த குண்டுகளை ஜெர்மன்காரன் கையில் கொடுக்கிறான். கரிக் குவியலோடு கிடந்தால் யார் கண்டுபிடிப்பது? இவன் வாங்கிக்கொண்டுபோய் கப்டனிடம் ஒப்படைத்துவிட்டான். இப்படி ஒரு இடம் உன் கதையிலும் வேண்டும். கையில் பொருள் இருக்க வேண்டும், ஆள் எந்தப் பக்கம் என்று வாசிக்கிறவனுக்குக் கடைசிவரை பிடிபடக் கூடாது.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் உன் ஆள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழந்தாளிட்டு, இனிக் களவெடுக்க மாட்டேன் என்று அழுகிறானே, அங்கேதான் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஸ்கொட்லாந்தில் பெட்டகம் உடைத்துத் திரிந்த ஜோனி ரமென்ஸ்கியைப் பார். போரில் பிரிட்டிஷ் கொமாண்டோக்களுக்கு வெடிவைக்கப் பழக்கினான், இத்தாலியில் எதிரியின் பெட்டகங்களைத் திறந்தான். போர் முடிந்ததும் பழையபடி களவு. 1972இல் செத்தபோதும் கைதிதான். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது அவன் கைவிரல்கள், மனம் திருந்துவதல்ல. சாப்மனும் திருந்தவில்லை. அவனை ஏவிய ஜெர்மன் அதிகாரி ஃபொன் குரோனிங் போருக்குப் பிறகு அவன் மகளின் கலியாணத்துக்கே வந்தாராம். ஏமாற்றினவன் வீட்டுக் கலியாணம்! அந்தச் சினேகிதத்தை எழுதினால் தேவாலயக் கண்ணீர் தேவையே இல்லை.

அப்புறம், உயிர்த்த ஞாயிறன்று, ஏப்ரல் 5, ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது இரத்மலானையிலிருந்து மட்டும் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர்விமானங்கள் கிளம்பவில்லை. கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் கிளம்பின. இப்போது கடைகள் இருக்கும் அதே இடம். அதையும் சேர்த்துக்கொள்.

நாலாம் அத்தியாயத்தைத் தம்பி வரும்போது கடதாசியிலேயே கொடுத்துவிடு. போனில் வாசிக்க என் கண் ஒத்துவராது.

அன்புடன்,
உன் மச்சான்