நீ படித்தது பழைய கணக்கு, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

என் மார்பகப் புற்றுநோயை நினைத்து நேற்று நீ போனில் அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. "ஹெர்2 பாசிட்டிவ்னா ரொம்ப மோசமாம்மா?" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் நோய் சீக்கிரம் திரும்பும், ஆயுள் குறையும் என்று நீ படித்தது பொய்யில்லை. ஆனால் பழைய கணக்கு. 1987-இல் அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். ஹெர்2 மரபணு பெருகிக் கிடந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. அன்று அதற்கென்று ஒரு மருந்து கிடையாது. இன்று எனக்கு ஏற்றுவதே அதற்கென்று பிறகு வந்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்துதான்.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் சொல்கிறேன், கேள். செல்லின் மேற்பரப்பில், அந்த மரபணுவிலிருந்து உருவாகும் ஹெர்2 என்ற புரதம் இருக்கிறது. "வளர், இரண்டாகப் பிரி" என்ற செய்தியை வெளியிலிருந்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. ஊருக்கு ஒரு கூம்பு ஒலிபெருக்கி இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. என் கட்டியில் வீட்டுக்கு வீடு கட்டிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நிற்பதால் யாரும் மைக்கில் பேசாமலே இரைகின்றன. செல் ஓயாமல் பிரிகிறது. டிராஸ்டுசுமாப் அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. சத்தம் அடங்குகிறது. "இங்கே வாருங்கள்" என்று நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. 1998-இல் பரவிய நோய்க்கு வந்த மருந்து. 2005-இல், ஆரம்ப நிலையில் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது. எனக்கு ஆரம்ப நிலைதான், கயல். அக்குளில் நெறி கட்டவில்லை.

இன்னொன்றும் படித்தேன், மனசு நிறைந்துபோனது. எலியில் இதே மரபணுவின் தடத்தை 1982-இல் முதலில் பிடித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர், லட்சுமி சரண் பாதி (Padhy) என்பவர். அமெரிக்காவில் புற்றுநோய் விஞ்ஞானி ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் அப்போது வேலை பார்த்தார்.

எனக்குக் கோபம் ஒரு விஷயத்தில்தான். முதலில் காட்டிய இடத்தில் ரிப்போர்ட்டில் ஹெர்2 '2+' என்று போட்டிருந்தார்கள். அது இரண்டுங்கெட்டான் முடிவு. ஃபிஷ் என்ற அடுத்த சோதனை செய்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஃபைலிலேயே கிடந்தது. இப்போது பார்க்கும் டாக்டரம்மாதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அதே கட்டித் துண்டை ஃபிஷ்ஷுக்கு அனுப்பினார். அந்த ஒரு தாளை யாரும் திரும்பப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த மருந்தே எனக்குக் கிடைத்திருக்காது. உன் தோழி அம்மாவுக்கும் கட்டி என்றாயே, அவர்கள் ரிப்போர்ட்டில் ஹெர்2-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேள்.

பன்னிரண்டு வாரக் கீமோ முடிந்தது. முடி கொட்டியது, விரல் நுனி மரத்துப்போனது, இப்போது தேவலை. இனி 21 நாளுக்கு ஒருமுறை இந்த ஊசி மட்டும், மொத்தம் ஒரு வருடம். இதயத் தசைக்கும் ஹெர்2 தேவை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். போன வாரம் 62 சதவீதம், நன்றாக இருக்கிறது என்றார்கள். செலவை நினைத்து நீ பணம் அனுப்ப வேண்டாம். இதற்கு ஈடான மருந்தை 2014 முதல் நம் நாட்டுக் கம்பெனியும் விற்கிறது, அதைத்தான் ஏற்றுகிறார்கள். அப்பா பென்ஷனில் சமாளிக்கிறோம்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, அது வேண்டாம். பங்குனியில் கடைசி ஊசி. அப்போது லீவு போட்டு வா, பக்கத்தில் உட்கார்ந்துகொள். வரும் வியாழன் அடுத்தது, நாலு மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூப்பிடு, தெம்பாகப் பேசுவேன்.

அம்மா