விதைக்குச்சி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் பதியுங்கள்

சேலம் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு, வணக்கம். மாவுப்பூச்சி பாதித்த மரவள்ளி வயல்களை வரைபடத்தில் குறிக்கும்போது, நடவுக்கு வெட்டும் தண்டான விதைக்குச்சி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் பதிய வேண்டுகிறோம்.

மரவள்ளி மாவுப்பூச்சி நம் நாட்டில் 2020-இல் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டது. பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. இளம்பூச்சியைக் காற்று பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகும். ஆனால் ஆத்தூரிலிருந்து கருமந்துறை மலைக்கு ஏற வேண்டுமென்றால் பூச்சிக்கு விதைக்குச்சிக் கட்டு வேண்டும். ஆண் இல்லாமலே பெருகும் இனம் என்பதால், குச்சியின் கணுப்பள்ளத்தில் ஒரே ஒரு பெண் ஒட்டியிருந்தால் போதும். சில நூறு முட்டை இட்டுவிடும்.

ஆகவே பாதித்த வயலை மட்டும் குறிக்கும் வரைபடம் பூச்சிக்குப் பின்னாலேயே ஓடும். குச்சி எந்த ஊருடையது, என்ன ரகம், என்று நட்டது, மிச்சக் குச்சி யாருக்குப் போனது: இவை நான்கும் இருந்தால் அடுத்து எந்த ஊரில் தேடுவது என்று தெரியும்.

வரப்பில் நின்று பார்த்தால் பூச்சி தெரியாது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடிகளின் நுனிக்குருத்தைப் பார்க்க வேண்டும். கணுவிடை குறுகி, இலைகள் முட்டைக்கோஸ் போலக் கொத்தாகச் சுருண்டிருக்கும். விரித்தால் உள்ளே மெல்லிய மாவு பூசிய இளஞ்சிவப்புப் பூச்சி. உடல் மஞ்சளென்றால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். நீண்ட இரட்டை வால் இருந்தால் வேறு இனம். சந்தேகமானால் நுனியைக் கிள்ளி 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பப்பாளிப் பூச்சி அதில் கறுத்துவிடும். உயிரோடு பையில் கொண்டுபோனால் நாமே பரப்பியதாகிவிடும்.

பூச்சி இல்லாத வயலையும் தேதியோடு எழுதுங்கள். கனமழை பூச்சியைக் கழுவிவிடும். அந்த வாரத்தில் எழுதிய ‘இல்லை’யை நம்பக் கூடாது, பங்குனி, சித்திரையில் அதே வயலை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பூச்சி பழுப்பாக உப்பி விறைத்திருந்தால் குளவி உள்ளே வளர்கிறது. ஓட்டை தெரிந்தால் வெளியேறிவிட்டது. படிவத்தில் இதற்கும் ஓர் இடம் விடுங்கள். அந்த வயலில் மருந்தடிக்க வேண்டாமென்று அன்றே சொல்லிவிட வேண்டும். மருந்தில் குளவி செத்துவிடும், சுருண்ட இலைக்குள் இருக்கும் பூச்சி தப்பிவிடும்.

வரும் நடவுக்கு முன், ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லிப் பகுதிகளில் குச்சி வண்டி ஏற்றும் இடங்களிலிருந்தே இந்தப் பதிவைத் தொடங்குங்கள். நுனி கொத்தான வயலின் குச்சியை வண்டியில் ஏற்ற விடாமல் அங்கேயே எரிக்கச் செய்யுங்கள். அப்படி இழப்பவருக்கு நல்ல குச்சி கொடுத்தால்தான் அவர் மறைக்காமல் சொல்வார்.

இப்படிக்கு,
சேலம் மாவட்ட மரவள்ளி விவசாயிகள்