திட்டக்குடிப் பக்கத்து அக்காவுக்கு நன்றி

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து, கையைத் தூக்க முடியாமல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து பேசிய அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை. ஊர் திட்டக்குடிப் பக்கம் என்று மட்டும் சொன்னீர்கள்.

"எனக்கும் இதே பக்கம்தான் எடுத்தாங்க, எந்திரிச்சு வா" என்று சுவரருகே கூட்டிப் போனீர்கள். விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே நகர்த்தச் சொன்னீர்கள். வீட்டுச் சுவரில் எட்டிய இடத்தில் கரிக்கோடு போடு, அப்புறம் அதைத் தாண்டு என்றீர்கள். அந்தக் கையில் ஊசி போட விடாதே, பிரஷர் பார்க்க விடாதே, களையெடுக்கும்போது முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு, வீங்கினால் காட்டு. மருத்துவர்களும் சொன்னதுதான். ஆனால் களையெடுக்கிற ஒருத்தி வாயால் கேட்டபோதுதான் தைரியம் வந்தது.

ஊரில் சிலர் எனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். இது தொற்று நோய் இல்லை என்று நேராகவே சொன்னேன். இப்போது நூறு நாள் வேலை இடத்தில் பெண்கள் என்னிடம் கட்டியைப் பற்றி ரகசியமாகக் கேட்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். 30 வயது தாண்டியவர்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். கட்டி வலிக்கவில்லையே என்று சிலர் தள்ளிப் போடுவதுதான் மனசுக்கு ஆறவில்லை.

நோய் வந்தது நல்லதென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பெண்கள் நம்பிப் பேசுகிற ஆளாக நான் ஆனது அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பிள்ளைகள் கண்ணில் இது பட்டால் வாசித்துக் காட்டட்டும், அக்கா. நீங்கள் நல்லா இருக்கணும்.