உளவுத்துறைப் பணி: மறுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய உளவுத்துறையில் உதவிப் புலனாய்வு அலுவலர் பணிக்கு அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் எங்கள் தென் மாவட்டங்களிலிருந்து பட்டதாரிகள் பலர் ஆர்வத்தோடு விண்ணப்பிக்கிறார்கள். இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் நேர்முகத் தேர்வையும் கடந்து தேர்ச்சிப் பட்டியலில் இடம்பெற்றவருக்கும் உடனே நியமன ஆணை கிடைத்துவிடுவதில்லை. அவருடைய நடத்தையையும் முன்வரலாற்றையும் பற்றிய விசாரணை நிறைவடைந்த பிறகே நியமனம் உறுதியாகிறது. நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்கள் பாடத்திட்டத்தையும் கட் ஆஃப் மதிப்பெண்ணையும் விரிவாக எடுத்துரைக்கின்றன. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. பல ஆண்டு உழைப்பு ஓர் அறிக்கையால் வீணாகிப்போகக்கூடிய இடம் அதுவே என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தகைய விசாரணை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. நாட்டின் இரகசியங்களைக் கையாளப் போகிறவரை அரசு துருவி ஆராய்வது முறையே. வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் இணைச் செயலர் நிலைவரை உயர்ந்த ரவீந்தர் சிங், அயல்நாட்டுக்கு உளவு சொல்கிறார் என்ற ஐயத்தில் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்ததும் 2004-இல் நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பியோடிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வேலையில் சேர விண்ணப்பித்த இளைஞர் அல்லர். இராணுவத்தில் அதிகாரியாக இருந்து வந்து, நீண்ட காலம் பணியாற்றியவர். அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே 1985 முதல் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-இலும் 1991-இலும் நடந்த உண்மை கண்டறியும் கருவிச் சோதனைகளில் தேறி, 1994-இல்தான் கைதானார். மிகப் பெரிய கேடு பெரும்பாலும் உள்ளே வந்து ஊன்றிவிட்டவர்களால் நேர்கிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. ஆகவே ஐயப்பாட்டின் சுமை முழுவதையும் வாசலில் நிற்கும் 23 வயதுப் பட்டதாரியின் தலையில் ஏற்றுவதால் நாட்டின் பாதுகாப்பு கூடிவிடாது.

விசாரணை எப்படி நடக்கிறது என்பதைப் பலரும் அறிவார்கள். விண்ணப்பதாரர் ஒரு சான்றுறுதிப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். தவறான தகவல் தருவதும் தகவலை மறைப்பதும் தகுதியிழப்புக்கு உள்ளாக்கும் என்ற எச்சரிக்கை அதன் தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அண்மை ஆண்டுகளில் எங்கெங்கே வசித்தார், எங்கே படித்தார், எப்போதாவது கைது செய்யப்பட்டாரா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா என்ற கேள்விகள் அதில் வரிசையாக வரும். அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் என்ற முறையில், இத்தகைய படிவங்களில் என் மாணவர்கள் பலருக்கு அடையாளச் சான்று அளித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தயங்கி நின்றது "வழக்கு ஏதேனும் உண்டா" என்ற கேள்வியின் முன்னேதான்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்திலும் அதற்கு முன்னர் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்திலும் பதியப்பட்ட வழக்குகளை நினைத்துப் பாருங்கள். சட்டவிரோதமாகக் கூடியதாக அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143-ஆவது பிரிவு, அரசு அலுவலரின் உத்தரவை மீறியதாக 188-ஆவது பிரிவு என்று வழக்குப் பதிவது நம் காவல் நிலையங்களின் வாடிக்கை. முதல் தகவல் அறிக்கையில் சிலர் பெயரைக் குறிப்பிட்டு "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவதால், தன் பெயர் அதில் பின்னர் சேர்ந்ததா இல்லையா என்பதே தெரியாத இளைஞர்களும் இருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டிருப்பினும், "மற்றும் பலர்" என்ற சொற்களுக்குள் தான் இருக்கிறோமா என்று எந்த இணையதளத்தில் போய்த் தேடுவது?

இவ்வழக்குகள் பின்னர் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே மாதத் தீர்ப்பில் அறிவுறுத்தியது. 188-ஆவது பிரிவின்கீழ் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வமான புகார் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியது. ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளில் காவலர்களைத் தாக்கியது போன்றவை நீங்கலாக மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021-இல் மாநில அரசு அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் காவல் நிலையப் பதிவேட்டில் பழைய வரி அப்படியே இருக்குமானால், விசாரணைக்கு வரும் தனிப்பிரிவுக் காவலரின் அறிக்கையில் "வழக்கில் சம்பந்தப்பட்டவர்" என்ற குறிப்பாக அது மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

சட்டம் இவ்வளவு கடுமையானதன்று. பணிக்கு விண்ணப்பித்தவர் வழக்கு விவரத்தை மறைப்பது குறித்த அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016-இல் வகுத்த நெறிமுறைகள் நிதானமானவை. விண்ணப்பதாரர் உண்மையையே சொல்ல வேண்டும் என்பதில் நீதிமன்றம் உறுதியாக இருந்தது. அதே வேளையில், இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான வழக்கு ஒன்றை ஒருவர் மறைத்திருந்தாலும், அது தெரிந்திருந்தாலும் அவரைத் தகுதியற்றவராக்கியிருக்காது என்ற நிலையில், அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட அரசுக்கு உரிமையுண்டு என்றது. படிவத்தில் தெளிவாகக் கேட்கப்பட்ட தகவலைத் தந்தால் போதும், மங்கலான கேள்வியை வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்கலாகாது என்றும் கூறியது. பதவியின் பொறுப்பு உயர உயர அளவுகோலும் கண்டிப்பாகலாம் என்று சேர்த்தே சொன்னது. உளவுத்துறைக்கு அது பொருந்தும் என்பதை நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டிப்பான அளவுகோல் என்பதும் ஓர் அளவுகோல்தான். எதை வைத்து அளந்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு அது அனுமதி ஆகாது.

அரசியல் நம்பிக்கையைக் காரணமாக்குவதையும் நீதிமன்றம் முன்பே கண்டித்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கெடுத்தார் என்ற காவல்துறை அறிக்கையின் பேரில் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, 1983-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இந்தியா போலீஸ் அரசு அன்று என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பில் எழுதினார். அந்த ஆசிரியரின் கொள்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் இடதுசாரி மாணவருக்கும் தமிழ்த் தேசிய ஈடுபாடுள்ள மாணவருக்கும் நான் கேட்கும் நியாயம் அவருக்கும் உரியதே.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். விசாரணை பாதகமாக முடிந்தால் விண்ணப்பதாரருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஊழலும் மனித உரிமை மீறலும் குறித்த புகார்கள் நீங்கலாக, உளவுத்துறைக்கு விலக்கு அளிக்கிறது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் தன்மீது என்ன குறை கூறப்பட்டது என்றே அறியாதவர் மனுவில் எதை மறுத்து எழுதுவார்? கிராமங்களில் இந்த விசாரணை அக்கம்பக்கத்தாரிடம் பேச்சுவாக்கில் நடக்கிறது. வரப்புத் தகராறும் சாதிப் பகையும் கோயில் கொடை விழாவில் ஏற்பட்ட மனக்கசப்பும் ஒரு வாக்கியமாக உருமாறி அறிக்கையில் ஏறிவிடக்கூடும். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வாய்ப்புக்கூட இல்லையென்றால் அது விசாரணை ஆகாது.

காரணத்தைச் சொன்னால் இரகசியம் கெடும் என்பார்கள். அயல்நாட்டு உளவாளியோடு தொடர்பு என்பது போன்ற வழக்குகளில் அது உண்மை. அங்கே மறைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு காவல் நிலையத்தின் குற்ற எண்ணிலோ தவறாகக் குறிக்கப்பட்ட முகவரியிலோ என்ன இரகசியம் இருக்கிறது? உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு அனுமதி மறுத்த மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை முன்வைத்துவிட்டால் பாதிக்கப்படுபவர் தரப்பையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதியை முற்றாகக் கைவிடலாம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் நிராகரித்தது. உளவு அறிக்கைகள் அனைத்தும் ஒட்டுமொத்தமாக இரகசியம் என்பதையும் அது ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த இந்த நியாயம் வேலை தேடும் தனிமனிதருக்கும் எட்ட வேண்டும்.

உளவுத்துறை வலுவாக உள்ள நாடுகளில் காரணம் தெரிவிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றும் சொல்ல முடியாது. 1995-இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 12968-ஆம் எண் ஆணை, இரகசியத் தகவல்களை அணுகும் தகுதி மறுக்கப்பட்ட ஊழியருக்கு மட்டுமின்றி விண்ணப்பதாரருக்கும், பாதுகாப்பு இடமளிக்கும் அளவுக்கு விரிவாக, எழுத்தில் காரணம் தரவும் பதிலளிக்க வாய்ப்புத் தரவும் வழிசெய்தது. கடன், மது, அயல்நாட்டுத் தொடர்பு, குற்ற நடத்தை எனப் பதின்மூன்று தலைப்புகளில் அங்கே அளவுகோல்கள் பொதுவெளியில் அச்சிடப்பட்டிருக்கின்றன. சம்பவம் நடந்து எத்தனை காலம் ஆயிற்று, அதன் பிறகு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பன போன்ற தணிப்புக் காரணங்களும் அவற்றின் அருகிலேயே இடம்பெற்றுள்ளன.

நம் உள்துறை அமைச்சகம் மூன்று காரியங்களைச் செய்யலாம். சான்றுறுதிப் படிவத்தின் கேள்விகளை எளிய தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் விளக்கிக் கொடுக்கலாம். பாதகமான அறிக்கை வந்தால் அதன் சாரத்தை, தகவல் தந்தவரின் பெயரை மறைத்து, விண்ணப்பதாரருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் தர 30 நாள் அவகாசம் அளிக்கலாம். உளவுத்துறைக்கு வெளியே உள்ள அலுவலர் குழு ஒன்று அந்தப் பதிலைப் படித்து முடிவெடுக்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் அலுவலக ஆணையே போதும். உள்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது தமிழக மக்களவை உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு இன்றி, இதை அமைச்சரிடம் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி ஆசிரியர்,
திருநெல்வேலி.