ஹிட்லரை ஏமாற்றியது ரப்பர் டாங்கி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, காற்றடைத்த ரப்பர் டாங்கிகளைப் பார்த்துத்தான் தாக்குதல் வேறிடத்தில் வரும் என்று ஹிட்லர் ஏமாந்தார் என்கிறது. பலரும் நம்பும் கதை இது. ஆனால் தவறு. உண்மையில் பாடுபட்டவர்களின் உழைப்பை அது மறைத்துவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ரப்பர் டாங்கிப் படை. அது அமெரிக்காவின் 23ஆவது தலைமையகச் சிறப்புப் படை, சுமார் 1,100 பேர். அவர்களுடைய பெயர்பெற்ற வேலையெல்லாம் தரையிறக்கத்துக்குப் பிறகு ஐரோப்பிய மண்ணில் நடந்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில் போலி டாங்கிகளுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. படமெடுக்க ஜெர்மன் விமானங்கள் அங்கே வருவதே அரிதாகிவிட்டிருந்தது.

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் நின்றவை போலிப் படகுகள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கான்வாஸ், மிதக்க எண்ணெய் டிரம்கள். நிஜத் தரையிறங்கு கலத்தின் அளவிலேயே செய்தார்கள். துண்டுகளை லாரியில் கொண்டுவந்து, இருட்டில் கரையில் பூட்டி, விடிவதற்குள் கிரேட் யார்மவுத், லோஸ்டாஃப்ட் பகுதிகளிலும் டெபன், ஆர்வெல் ஆறுகளிலும் இறக்க வேண்டும். சிக்கல் எடையில் இருந்தது. அளவுக்கு ஏற்ற கனம் இல்லாததால் பலமான காற்றடித்தால் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகரும், கவிழும், சட்டம் முறியும். நிஜக் கப்பல் எதுவும் அப்படிப் புரளாது. வானிலிருந்து ஒருவன் அதைப் பார்த்துவிட்டால் அத்தனையும் வீண். அதனால் சிப்பாய்களை அங்கேயே தங்கவைத்துப் பழுதுபார்த்தார்கள். புகைபோக்கியில் புகை வரவைத்தார்கள், துணி உலர்த்தினார்கள்.

இரண்டாவது தவறு, தென்கிழக்கு இங்கிலாந்தில் தாக்குதலுக்குக் காத்து நிற்பதாகக் காட்டப்பட்ட, அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படை முழுக்கக் கற்பனை என்பது. முதலாம் அமெரிக்கப் படைக் குழு என்ற பெயரின் கீழ் ஜூன் மாதம் காட்டப்பட்ட முதலாம் கனடிய ராணுவமும் மூன்றாம் அமெரிக்க ராணுவமும் நிஜமானவை. பொய்யெல்லாம் அவை நிற்கும் இடத்திலும், அவற்றுக்கு யார் தலைமை என்பதிலும், அவை எந்தக் கரையைத் தாக்கப் போகின்றன என்பதிலும்தான். ஒற்றன் ஒருவன் நேரில் போய்ப் பார்த்திருந்தாலும் பாதி சரியாகவே இருந்திருக்கும். வட பிரான்ஸின் பாஸ்-தெ-கலேதான் இலக்கு என்று ஜெர்மானியர் ஏற்கெனவே நம்பினார்கள், ஆங்கிலக் கால்வாய் மிகக் குறுகும் இடம் அது. புதிய நம்பிக்கை எதையும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைக் கலையாமல் காத்தால் போதும்.

அதைக் காத்தவர்கள் இரட்டை உளவாளிகள், அதாவது ஜெர்மனிக்கு உளவு பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு பிரிட்டனுக்கு வேலை செய்தவர்கள். ஸ்பெயின்காரர் ஹுவான் புஹோல், பிரிட்டிஷாருக்கு 'கார்போ'. அவர் தனக்குக் கீழ் 27 உளவாளிகள் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார், ஒருவர்கூட நிஜமில்லை. போலந்து விமானப்படை அதிகாரி ரோமன் செர்னியாவ்ஸ்கி ('புரூட்டஸ்') பேட்டனின் தலைமையகத்திலேயே வேலை பார்ப்பதாக எழுதினார். இருவரும் பெரும்பாலும் முழு விவரத்தை ஒரே செய்தியில் கொடுக்கவில்லை. இன்ன சாலையில் இன்ன சின்னம் போட்ட வண்டி, இன்ன ஊரில் புதிய முகாம் என்று சிந்திச் சிதறியே தந்தார்கள். பொறுக்கிச் சேர்த்துக் கணக்குப் போடும் வேலை எதிரியுடையது. தான் போட்ட கணக்கை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

தரையிறக்கத்தன்று அதிகாலை 3 மணிக்கு, தடுக்க நேரமில்லாதபடி பார்த்து, கார்போ உண்மையையே எச்சரிக்கையாக அனுப்ப அனுமதி கிடைத்தது. ஜெர்மானியரின் மாட்ரிட் வயர்லெஸ் நிலையத்தில் எடுக்க ஆளில்லை. காலையில்தான் செய்தி போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை உண்மையானதால் ஜெர்மானியருக்கு அவர்மீதிருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஜூன் 9 பின்னிரவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினார். இங்கிலாந்தில் இன்னும் அசையாமல் நிற்கும் டிவிஷன்களை எண்ணிக் காட்டி, நார்மண்டி வெறும் போக்குக் காட்டல் என்று முடித்தார். அவ்வளவு நேரம் ஒலிபரப்பியும் ஓர் உளவாளி எப்படிப் பிடிபடாமல் இருக்கிறான் என்று ஜெர்மானியர் கேட்கவே இல்லை. நார்மண்டிக்குப் புறப்பட இருந்த முதலாம் எஸ்.எஸ். பான்சர் (டாங்கி) டிவிஷன் ஜூன் 10 காலைக்குள் நிறுத்தப்பட்டது. அந்த ஒரு செய்திதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புரூட்டஸின் அறிக்கைகளும், ஜெர்மானியரின் பழைய நம்பிக்கையும் அதே பக்கம்தான் இழுத்தன.

கட்டுரை ஜூன் 6ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. கடினமான பகுதியே அதற்குப் பிறகுதான். நிஜ டிவிஷன்கள் ஒவ்வொன்றாக நார்மண்டிக்குக் கடந்தபோது, தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் காட்டப்பட்ட படையில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க முழுக்கக் கற்பனையான 14ஆம் அமெரிக்க ராணுவத்தை உருவாக்கினார்கள். ஸ்காட்லாந்தில் நார்வேயைக் குறிவைப்பதாகக் காட்டிய 4ஆம் பிரிட்டிஷ் ராணுவத்தைத் தெற்கே வரவழைத்ததாகக் காட்டினார்கள். ஜூலையில் பேட்டன் பிரான்ஸுக்குப் போனதும், அவர் பதவியிறக்கப்பட்டதாகக் கதை கட்டி, ஜெனரல் மெக்நாயரைத் தலைவராகக் காட்டினார்கள். ஜூலை 25 அன்று அமெரிக்க விமானங்களே தவறிப் போட்ட குண்டுகளில் அவர் நார்மண்டியில் இறந்தார். உடனே ஜெனரல் டிவிட்டை அந்த இடத்தில் அமர்த்தினார்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், இந்த ஏழு வாரங்களையும் அதில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி