வசந்திக்கு, மாட்டுங்காவிலிருந்து

அன்புள்ள வசந்தி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் அண்ணன் பெண்ணுக்கு வரன் அமைந்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எண்களைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த டஃபின்–ஷேஃபர் அனுமானம் ஞாபகமிருக்கிறதா? விடுதி மொட்டைமாடியில் "பின்னத்துக்கு இத்தனை பாடா?" என்று கேட்டாயே, அதேதான். 1941-இல் கேட்ட கேள்விக்கு 2019-இல் கூகூலோபூலோஸ், மேனார்டு என்ற இரண்டு கணித அறிஞர்கள் விடை கண்டார்கள். சேதி அப்போதே தெரியும். உட்கார்ந்து படித்தது போன வாரம்தான். அதிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

பை (π) என்ற எண்ணின் பக்கத்தில் 355/113 எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பார்த்திருக்கிறாயே! பகுதி, அதாவது கீழே உள்ள எண், வெறும் 113, ஆறு தசம இடம் சரியாக வருகிறது. இங்கே கேள்வி, ஒவ்வொரு பகுதிக்கும் இவ்வளவு பிழை போகலாம் என்று நம் இஷ்டத்துக்கு வைத்தால், எத்தனை எண்கள் பின்னங்களைச் சுற்றி விரித்த அந்த வலையில் திரும்பத் திரும்ப, முடிவில்லாமல் விழும் என்பது. பிழையின் அளவு சீராகக் குறைந்துகொண்டே போனால் கின்ச்சின் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1924-இலேயே சொல்லிவிட்டார். சில பகுதிகளைத் தாவினால், பகா எண்களை மட்டும் எடுத்தால், அப்போதுதான் சிக்கல்.

மகளோடு வரைபடத் தாளில் 0-விலிருந்து 1 வரை கோடு போட்டுப் புள்ளி வைத்தேன். 1/2, அப்புறம் 2/4, 3/6, 4/8... எல்லாம் ஒரே இடம். பென்சில் தாளையே துளைத்துவிட்டது. "இதையே எத்தனை தடவைம்மா எண்ணுவே?" என்றாள். வசந்தி, கஷ்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது! அதனால் சுருக்கிய பின்னங்களை மட்டும் எண்ணுகிறார்கள். பகுதி 12 என்றால் மேலே 1, 5, 7, 11, நாலே நாலு. அவற்றைச் சுற்றி அந்தப் பிழை அளவுக்குள் வரும் துண்டுகளின் நீளத்தை எல்லாப் பகுதிகளுக்கும் கூட்டிக்கொண்டே போ. கூட்டுத்தொகை ஏதாவது ஒரு எல்லையைத் தாண்டாமல் நின்றால், ஏறக்குறைய எந்த எண்ணும் முடிவில்லாமல் சிக்காது. நிற்காமல் வளர்ந்தால், ஏறக்குறைய எல்லாமே சிக்கும். நடுவில் ஒன்றுமே கிடையாது!

முதல் பாதி நாம் படித்ததுதான். இரண்டாவது பாதிக்குத்தான் 78 வருஷம். பெரிய பொதுக் காரணி உள்ள பகுதிகளின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்குமே, அந்தப் பகுதிகளைப் புள்ளிகளாக்கி, கோடுகளால் இணைத்து, வலையைச் சுருக்கிச் சுருக்கி அவிழ்த்திருக்கிறார்கள்.

இரவு படித்து முடித்ததும் உன் நினைப்புதான். பொதுக் காரணிக் கணக்கு நம் வகுப்பில் உனக்கு வந்த மாதிரி யாருக்கும் வரவில்லை. கல்யாணத்தோடு நீ அதை மூடி வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் வா. தாதருக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். அந்தப் பச்சை நோட்டை மறக்காமல் எடுத்து வா.

உன்,
மீனா