மாதவிடாய் வலி: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் 12-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலியில் எழுந்து நிற்கவே முடிவதில்லை என்றும், அடுத்த மாதம் அந்த நாட்கள் பொதுத்தேர்வு வாரத்தில் வருகின்றன என்றும் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். "மாத்திரை பழக்கம் பின்னாளில் கருத்தரிப்பதைப் பாதிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், திருமணமாகி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் வலி தானாக மறைந்துவிடும்" என்று நீங்கள் பதில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த வரி எனக்குப் புதிதன்று. என் அத்தை அதை என்னிடம் சொன்னார், நான் அதை என் மகளிடம் சொன்னேன். வடசென்னையில் பெண்கள் பள்ளி ஒன்றில் 28 ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகளுக்கு வலி 14 வயதில் தொடங்கியது. மோரில் வெந்தயம், சுக்குக் கஷாயம், உளுந்தங்களி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்தேன். அவற்றில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றாலும், அவளுக்கு அவை போதவில்லை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றாமல் நேராக வயிற்றுத் தோலின் மேல் வைத்தபடியே தூங்கிப்போவாள். ஆண்டுக்கணக்கில் அப்படிச் செய்ததில் அடிவயிற்றுத் தோலில் வலை விரித்ததுபோலப் பழுப்பு நிறத் தழும்பு படிந்துவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, பெண்ணுக்கு மனதில்தான் ஏதோ குறை என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுடைய 27-ஆவது வயதில் வேறொரு பெண் மருத்துவர் அவளைப் பரிசோதனை மேசையில் படுக்கச் சொன்னார். முதலில் அந்தத் தழும்பைத்தான் பார்த்தார். "இது எத்தனை வருஷமாக இருக்கிறது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியை விட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்ததில் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, சினைப்பையையும் குடலையும் ஒட்டவைத்திருந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருத்தரிப்பதற்குத் தடையாகக்கூடியது இந்த நோய்தான். நீங்களோ மாத்திரையைக் காட்டி அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியிருக்கிறீர்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு வலி குறைவது உண்மையே. அதற்காக 17 வயதுப் பெண்ணிடம் கல்யாணத்தை மருந்தாகச் சொல்லலாமா? மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலத்தில் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிப்பதால்தான் வலி உண்டாகிறது. ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. ஆகையால், பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுதும் தாங்கிவிட்டு இரவில் விழுங்குவதைவிட, வலி தலைகாட்டியதுமே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதே பலன் தரும். அப்படி எடுத்துக்கொள்வதால் கருப்பை கெட்டுவிடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இத்தகைய மாத்திரையால் மூச்சிரைப்பு அதிகமாகும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வலி ஆண்டுக்கு ஆண்டு கூடினாலோ, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் மலம் கழிக்கும்போதும் வலித்தாலோ, மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ காத்திருக்காமல் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும், 'கோஷா ஆஸ்பத்திரி' என்று நாம் சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் இருக்கின்றன. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்திருந்தும் அந்த வரியை அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் முறையும் அன்று. 2023 நவம்பர் 30 அன்று, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் மெஃபெனமிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல் போன்ற கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால் கவனமாக இருக்கச் சொன்னார்களேயொழிய, மருந்தைத் தடை செய்யவில்லை. உங்கள் நாளிதழ் ஆபத்து என்பதைப் பெரிய எழுத்தில் போட்டது. அரிதானது என்பதையும் எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதாமல் விட்டது. எங்கள் தெருவில் ஒரு தாய் அன்றைக்கே மகளின் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார். இன்னொரு பக்கம், வயிற்றுவலி மாத்திரை என்று கேட்டால் அல்சர் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் அட்டையில் இரண்டைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தரும் மருந்துக்கடைகளும் இருக்கின்றன. அதைப் பற்றி எழுதும்படி இருமுறை கடிதம் போட்டேன். ஒன்றும் வெளிவரவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. அவள் கடையிலும் முக்காலி போட்டிருக்கிறார்கள், ஆனால் அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். அந்த நாட்களில் அவள் துணி மடிக்கும் பலகையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றபடியே வேலை செய்கிறாள். பொறுத்துக்கொள் என்று அவளுக்கும் எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் கேட்பது சிறிய காரியம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு மகளிர் மருத்துவரிடம் கேட்டு அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். என் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. திருத்தம் மட்டும் இந்த மாதத்துக்குள்ளேயே வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் தேர்வு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.